தெருவைக் கூட்டுகிறவர்களும் தெருவில் நடிக்கிறவர்களும்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள். பேருந்து நிலையத்துக்கு வெளியே நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து பிளாஸ்டிக் எதிர்ப்பு வீதி நாடகம் போட்டோம். ஒரு தோழர் உடம்பெல்லாம் பால் கவர்களைக் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் அரக்கனாக வந்தார். இன்னொரு தோழர் பச்சைப் புடவையில் பூமித்தாய். பறை அடித்ததும் கூட்டம் சேர்ந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், பூ விற்கிறவர்கள், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எல்லாரும் நின்று பார்த்தார்கள், கை தட்டினார்கள். ஐந்நூறு நோட்டீஸ் அச்சடித்திருந்தோம். வாங்கினார்கள், ஒரு பார்வை பார்த்தார்கள், கீழே போட்டுவிட்டுப் பேருந்து ஏறினார்கள்.

நாடகம் முடிந்து டீ குடித்துக்கொண்டு நின்றோம். விளக்குமாறோடு ஒரு அம்மா வந்தார். "நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கூட்டணும்" என்றார். அவர் கூட்டியதில் பாதி எங்கள் நோட்டீஸ்.

அன்று சிரித்துக்கொண்டே தள்ளி நின்றோம். உறுத்தல் பிறகுதான் வந்தது. எங்கள் நாடகத்தில் அரக்கன் இருந்தான், பூமித்தாய் இருந்தாள், பிளாஸ்டிக்கைத் தின்று சாகும் கடலாமைகூட இருந்தது. குப்பை அள்ளுகிறவர் மட்டும் இல்லை. எங்களில் பலருடைய வீட்டில் அந்த வேலை செய்தவர்கள் உண்டு. அப்படியும் அவரை நாங்கள் மறந்திருந்தோம். எப்படி மறந்தோம்?

அந்தக் கேள்வியோடு படிக்கத் தொடங்கியபோதுதான் ஒரு வரலாறு கண்ணில் பட்டது. சுற்றுச்சூழலைப் பற்றி வழிப்போக்கர்களிடம் பேசும் தெருக்கலைக்கு உலகில் பல வேர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று குப்பை லாரியின் பின்னால் இருந்து வருகிறது. இளம் தோழர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

1968: இரண்டு நகரங்கள், ஒரே மாதம்

1968 பிப்ரவரி 2 அன்று நியூயார்க் நகரத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 9 நாட்கள் குப்பை அள்ளப்படவில்லை. உலகின் மிகப் பணக்கார நகரங்களில் ஒன்றின் நடைபாதைகளில் குப்பை மலையாகக் குவிந்தது. தங்கள் வீட்டுக் குப்பை தினமும் எங்கே போகிறது என்று அதுவரை யோசிக்காத மக்கள், முதல்முறையாக அதன் நடுவே நடந்தார்கள். சங்கத் தலைவர் ஜான் டிலூரி சிறைக்கும் போனார்.

அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 1 அன்று, தெற்கே டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரில் மழை பெய்தது. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் பின்பெட்டிக்குள் ஏறி நின்றார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் தானாக ஓடியது. இருவரும் உள்ளேயே நசுங்கி இறந்தார்கள். மணிக்கூலிக்கு வேலை பார்த்தவர்கள் என்பதால் குடும்பங்களுக்கு விபத்து இழப்பீடு கேட்கவும் வழி இல்லை.

பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். எல்லாரும் கறுப்பினத்தவர். ஒழுகும் குப்பைத் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து, வடியும் அழுக்கு நீர் சட்டைக்குள் இறங்க வேலை பார்த்தவர்கள். வயதில் மூத்தவர்களையும் வெள்ளை மேலாளர்கள் 'பையா' என்றுதான் கூப்பிட்டார்கள். நம் ஊரில் அறுபது வயதுக்காரரை 'டேய்' போட்டுக் கூப்பிடும் வாய்களை நமக்குத் தெரியாதா? மெம்ஃபிஸ் எப்படி இருந்திருக்கும் என்று யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொருவரும் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையாகத் தெருவில் நடந்தார்கள். எல்லா அட்டையிலும் ஒரே வாசகம்: "நான் ஒரு மனிதன்". ஒருபக்கம் துப்பாக்கி முனையில் கத்தி செருகிய தேசியக் காவல்படை, இன்னொரு பக்கம் பீரங்கி வண்டிகள். நடுவில் இந்த மனிதர்கள் நடந்து போகும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. பாட்டும் முழக்கமும் தேவைப்படாமலே பார்க்கிறவனை அது நிறுத்துகிறது.

அவர்களுக்குத் துணையாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று அந்த நகரத்தில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16 அன்று நகர நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்து உடன்பாட்டுக்கு வந்தது. கிங் கொல்லப்பட்டதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அவர் குப்பை அள்ளுகிறவர்களுக்காக நின்றபோது கொல்லப்பட்டார் என்பதை எத்தனை புத்தகங்கள் சொல்கின்றன?

1969: நடுச்சாலையில் குப்பை

அடுத்த ஆண்டு கோடையில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெம் பகுதியில் போர்ட்டோ ரிக்கோ வம்சாவளி இளைஞர்கள் சிலர் 'யங் லார்ட்ஸ்' என்ற அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மாணவர்கள். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்து உருவானவர்கள். புரட்சி பற்றிப் பேசத் தயாராக மக்களிடம் போனார்கள். "இங்கே உங்களுக்கு முதல் பிரச்சினை என்ன?" என்று கேட்டார்கள். மக்கள் சொன்ன பதில்: குப்பை.

பணக்காரர் பகுதியில் ஒழுங்காக வரும் லாரி ஏழைகளின் தெருவுக்கு வருவதில்லை. வந்தாலும் பாதியைச் சிந்திவிட்டுப் போகும். இளைஞர்கள் துடைப்பத்தை எடுத்துத் தாங்களே தெருக்களைக் கூட்டத் தொடங்கினார்கள். தெருவில் போகிறவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு சிலர் சேர்ந்துகொண்டார்கள். இன்னும் துடைப்பம் வேண்டும் என்று நகரத் தூய்மைத் துறையிடம் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். ஜூலை 27 அன்று, கூட்டிச் சேர்த்த குப்பையை அப்படியே கொண்டுபோய்ச் சாலையின் குறுக்கே கொட்டினார்கள். சில இடங்களில் தீ வைத்தார்கள். போக்குவரத்து நின்றது. காரில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருடைய குப்பை இது என்று கேட்டே ஆக வேண்டியிருந்தது.

சுற்றுச்சூழல் என்றால் காடு, கடல், புலி என்றே பேசப்பட்ட காலத்தில், தெருமுனையின் நாற்றமும் சுற்றுச்சூழல்தான் என்று ஏழை வீட்டுப் பிள்ளைகள் காட்டினார்கள். குப்பை எங்கே தேங்குகிறது என்பது தற்செயல் இல்லை. நியூயார்க்கில் அது இனத்தைப் பார்த்துத் தேங்கியது. கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் சென்னையின் குப்பை யார் வாசலில் மலையானது என்று பாருங்கள். கருஞ்சிறுத்தைகள் ஏற்றிய தீ அங்கே ஹார்லெமில் பிடித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1972இல், பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே போன்றோர் தலித் சிறுத்தைகளைத் தொடங்கியபோது இங்கேயும் பிடித்தது. இரண்டும் ஒரே நெருப்பிலிருந்து வந்தவை.

படியைக் கழுவிய கலைஞர்

அதே 1969இல், மியர்ல் லேடர்மன் யூக்லீஸ் என்ற இளம் பெண் கலைஞர் ஓர் அறிக்கை எழுதினார். அவர் கர்ப்பமாக இருந்தபோது, இனி நீ கலைஞராக இருக்க முடியாது என்று ஆசிரியர் ஒருவர் சொன்னதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தை பிறந்தது. துணி துவைப்பது, தரை துடைப்பது, பாத்திரம் கழுவுவது என்று நாள் முழுக்க வேலை. இதில் கலைக்கு நேரம் எங்கே? யோசித்தவர், இந்த வேலைகளையே கலை என்று அறிவித்தார். பராமரிப்புக் கலை என்று அதற்குப் பெயர் வைத்தார்.

அந்த அறிக்கையின் நடுவே ஒரு கேள்வி இருக்கிறது. புரட்சி முடிந்த பிறகு, திங்கட்கிழமை காலையில் குப்பையை யார் அள்ளுவது? புதியதைப் படைக்கிறவர்களுக்கு எல்லாப் புகழும் கிடைக்கிறது. இருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களுக்குக் குறைந்த கூலியும் அவமானமும்தான் கிடைக்கிறது என்பது அவர் வாதம். அதே அறிக்கையில் ஒரு கண்காட்சிக்கும் திட்டம் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் ஒரு குப்பை லாரிச் சுமை, ஒரு கலன் நச்சுக் காற்று, ஒரு கலன் ஹட்சன் ஆற்றின் கெட்டுப்போன நீர், ஒரு கலன் பாழ்பட்ட மண் இவற்றை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்து சுத்திகரிக்க வேண்டும் என்றார். அந்தக் கண்காட்சிக்கு அப்போது இடம் கிடைக்கவில்லை.

1973 ஜூலையில் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வொர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தின் வாசலில் அவர் மண்டியிட்டார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் படிகளைக் கையால் தேய்த்துக் கழுவினார். பார்வையாளர்கள் ஏறினார்கள், கால் தடம் பதிந்தது. மறுபடி கழுவினார். மறுபடி தடம், மறுபடி கழுவல். மணிக்கணக்கில் இது நடந்தது. உள்ளே ஓவியம் பார்க்க வந்தவர்கள், தாங்கள் தினமும் மிதித்துப் போகும் படி எப்படிச் சுத்தமாக இருக்கிறது என்பதைத் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது.

1976இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகக் கிளை இருந்த ஒரு பெரிய கட்டடத்தில் வேலை செய்த 300 பராமரிப்புத் தொழிலாளர்களிடம் அவர் ஒன்று கேட்டார். உங்கள் வேலையில் ஏதாவது ஒரு மணி நேரத்தைக் கலை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரையும் படம் எடுத்து, இது வேலையா கலையா என்று அவர்களையே சொல்லச் சொன்னார். இதைப் பற்றி எழுதிய விமர்சகர் ஒருவர், தூய்மைத் துறையும் தன் வேலையைக் கலை என்று சொல்லி அரசின் கலை நிதியை வாங்கலாமே என்று கிண்டலடித்தார். நகரம் திவாலாகும் நிலைக்குப் போய்த் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. யூக்லீஸ் அந்தக் கிண்டலை அப்படியே தூய்மைத் துறைக்கு அனுப்பி வைத்தார். துறை அவரைக் கூப்பிட்டது. 1977இலிருந்து அவர் நியூயார்க் தூய்மைத் துறையின் சம்பளம் இல்லாத கலைஞர் ஆனார்.

8,500 கைகள்

1979 ஜூலை 24 அன்று அவர் தொடங்கிய வேலை 11 மாதம் நடந்தது. நகரத்தின் 59 வட்டாரங்களையும் பத்துச் சுற்றாகச் சுற்றினார். விடிகாலை வருகைப் பதிவு எடுக்கும் நேரத்துக்கே போய் நிற்பார். லாரியோடு போவார். அவர்கள் குனிந்து தூக்கி வீசுவதைத் தெருவில் அவர்கள் பின்னாலேயே தன் உடம்பால் செய்து காட்டிக்கொண்டு நடப்பார். பார்த்துக்கொண்டு போகிறவர்கள் நிற்பார்கள். லாரி, படகு, குப்பைக் கிடங்கு என்று எங்கெல்லாம் தொழிலாளி இருந்தாரோ அங்கெல்லாம் போனார். ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்து, கை குலுக்கி, நியூயார்க் நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்றார். ஒருவர், இருவர் இல்லை. 8,500 பேர். 1980 ஜூன் 26 அன்று முடிந்தது. 'தொடுதல்' என்ற சொல் அந்தப் படைப்பின் பெயரிலேயே இருந்தது.

அப்போது ஒரு தொழிலாளி சொன்ன கதையை யூக்லீஸ் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 17 ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடும் வெயில் நாள். குப்பை அள்ளிக் களைத்து ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்களாம். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து, நாற்றம் பிடித்த குப்பைக்காரர்களே எழுந்து போங்கள், என் வாசலை நாறடிக்காதீர்கள் என்று விரட்டினாராம். 17 ஆண்டுகளாக அது என் தொண்டையில் சிக்கிக்கிடந்தது, இன்று நீங்கள் அதைத் துடைத்துவிட்டீர்கள் என்றார் அந்தத் தொழிலாளி.

1983இல் யூக்லீஸ் ஒரு குப்பை லாரியின் பக்கங்கள் முழுக்கக் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் ஓட விட்டார். லாரியைப் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் அதில் தன் முகம் தெரிந்தது. குப்பை யாருடையது என்று வாயால் சொல்லத் தேவை இல்லாமல் போனது. அடுத்த ஆண்டு, தொழிலாளர்கள் வாங்கிய வசைச் சொற்களையெல்லாம் ஒரு கலைக்கூடத்தின் பெரிய கண்ணாடி முகப்பில் எழுதி, சமூகத்தின் பல தரப்பினரையும் வரவழைத்து அழிக்க வைத்தார். வசவைப் பேசிய ஊரே வந்து அதைத் துடைத்தது.

தொட்டால் என்ன ஆகும்

வாசற்படிக் கதையைப் படித்தபோது எங்களில் யாரும் அதை அமெரிக்கக் கதையாகப் படிக்கவில்லை. திண்ணையில் உட்காராதே, குழாயைத் தொடாதே, தண்ணீரைத் தூக்கி ஊற்றுகிறேன் கையை ஏந்து என்ற குரல்களை நம் பாட்டிகள் கேட்டிருக்கிறார்கள். நம்மில் சிலர் இப்போதும் கேட்கிறோம். ஆனால் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. அன்று நியூயார்க்கில் யூக்லீஸ் கை குலுக்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். வலுவான சங்கம் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. அவர்களைச் சூழ்ந்திருந்தது வேலையின் இழிவு. வேலையை விட்டால் இழிவும் விட்டுப் போகும். இங்கே இழிவு பிறப்பிலேயே ஒட்டப்படுகிறது. படித்து வேறு வேலைக்குப் போனாலும் கூடவே வருகிறது. அந்த வேலைக்கு இன்னும் ஒரு சில சாதிகளின் பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள்.

அதனால் தொடுதல் என்ற செயலுக்கு இங்கே வேறு வரலாறு இருக்கிறது. அது 1927 மார்ச் 20 அன்று மராட்டிய மண்ணில் மகாடில் நடந்தது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. மகாட் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்திருந்தது. ஏட்டில் இருந்த உரிமையைத் தெருவில் எடுத்துக் காட்ட, அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் கடைவீதி வழியாக அமைதியாக ஊர்வலம் போனார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. அம்பேத்கர் குனிந்து நீரை அள்ளிக் குடித்தார். எல்லாரும் குடித்தார்கள்.

ஆடு மாடு குடித்த தண்ணீர், குதிரை குடித்த தண்ணீர், மனிதன் குடித்ததும் தீட்டாகிவிட்டது. திரும்பிக்கொண்டிருந்த மக்களை அடித்தார்கள். பிறகு 108 பானைகளில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நல்ல தண்ணீரில் சாணத்தைக் கரைத்துவிட்டு அதற்குச் சுத்தம் என்று பெயர் வைக்கும் சமூகத்தில், சுத்தம் என்ற சொல்லை யார் சொன்னாலும் நாம் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

அந்த டிசம்பரில் மகாடில் மீண்டும் கூடியபோது அம்பேத்கர் சொன்னதன் சாரம் இது: இந்தத் தண்ணீரைக் குடித்தால் நமக்குச் சாகாவரம் கிடைக்கப் போவதில்லை, நாமும் மற்றவர்களைப் போல மனிதர்கள் என்று நிலைநாட்டவே குளத்துக்குப் போகிறோம். 41 ஆண்டுகள் கழித்து மெம்ஃபிஸ் தெருவில் ஏந்திய அட்டையிலும் அதே சொல் இருந்தது. மனிதன். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதில்லை. ஒரே காயத்திலிருந்து வந்த சொல்.

நீர், மண், காற்று பொதுச்சொத்து என்று இன்று சுற்றுச்சூழல் மேடைகளில் பேசுகிறார்கள். அந்தப் பொதுவில் நமக்குப் பங்கு உண்டு என்று உடம்பால் காட்டிய ஊர்வலம் மகாட். இந்திய மண்ணில் சுற்றுச்சூழல் தெருக்கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நன்றி போதுமா

யூக்லீஸின் கை குலுக்கலை நாங்கள் மதிக்கிறோம். அவர் மேலிருந்து பேசவில்லை. படியைத் தன் கையால் கழுவிய பிறகே மற்றவர் கையைத் தொட்டார். 8,500 பேரையும் தேடிப் போனார், கூப்பிட்டு வரிசையில் நிறுத்தவில்லை. ஒரு நாளில் படம் எடுத்துவிட்டுப் போகவும் இல்லை. அதே துறையில் பல பத்தாண்டுகள் கலைஞராக இருந்தார். ஆனாலும் நன்றி என்ற சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. நன்றி சொல்கிறவர் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதைத் தானே முடிவு செய்கிறார். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டையை ஏந்தியவர் யாருடைய முடிவுக்கும் காத்திருக்கவில்லை.

நமக்கு இந்த எல்லை நன்றாகவே தெரியும். காந்தி 1936இல் தன் 'ஹரிஜன்' இதழில், மலம் அள்ளுகிறவரைக் குழந்தையைக் கழுவும் தாயோடு ஒப்பிட்டுப் புகழ்ந்து எழுதினார். பிராமணருக்குச் சமமானவர் என்றார். அந்த வேலையைப் புகழ்ந்து அதிலேயே நிறுத்தி வைக்கும் போதனையை அம்பேத்கர் 1945இல் வெளிவந்த தன் நூலில் கிழித்தெறிந்தார். வேலை அவ்வளவு புனிதம் என்றால் மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து அப்படியே நிற்கிறது. யூக்லீஸும் தாய்மையிலிருந்துதான் தொடங்கினார். ஆனால் தான் செய்த சம்பளமில்லாத வேலையின் கசப்பிலிருந்து பேசினார். அடுத்தவர் தலையில் இருந்த கூடைக்குப் பூச்சூட்டவில்லை.

2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா தொடங்கியபோது நாடெங்கும் அமைச்சர்களும் நடிகர்களும் புதுத் துடைப்பம் பிடித்துத் தெருவில் நின்றார்கள். அதுவும் வழிப்போக்கர்களுக்கான தெரு நிகழ்ச்சிதான். கேமரா போனதும் துடைப்பம் யார் கைக்குத் திரும்பியது? கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், பாதம் கழுவினார்கள், கை தட்டினார்கள். அதற்குப் பிறகும் மலக்குழிகள் ஆட்களை விழுங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. மலக்குழி மரணத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை உயர்ந்தது என்றால் சாவு நிற்கவில்லை என்று பொருள்.

இதற்கு நம் மக்களே தெருவில் பதில் சொன்னார்கள். அம்பேத்கரின் 125ஆம் பிறந்த ஆண்டில், சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் அமைப்பினர் 2015 டிசம்பர் 10 அன்று அசாமின் திப்ருகரில் ஒரு பேருந்தில் ஏறினார்கள். பெசவாடா வில்சன் முன்னின்ற அந்தப் பீம் யாத்திரை 125 நாட்கள் நாடு முழுக்க ஓடி, 2016 ஏப்ரல் 13 அன்று டெல்லியில் முடிந்தது. ஊர் ஊராக நின்று, மலக்குழியில் கணவரையும் மகனையும் இழந்த பெண்கள் இறந்தவர் படத்தைக் கையில் ஏந்திப் பேசினார்கள். அவர்கள் யாருடைய நன்றியையும் கேட்டு வரவில்லை. எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள் என்றார்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். பெரும்பாலும் பெண்கள். இரண்டு மண்டலங்களின் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, பணி நிரந்தரம் செய் என்று 13 நாட்கள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. மறுநாளே காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. பணி நிரந்தரம் அந்த அறிவிப்பில் இல்லை. சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டது வேறு.

திங்கட்கிழமை காலை

தெருவில் நாடகம் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. போடுங்கள். பறை அடியுங்கள், அரக்கன் வேடம் கட்டுங்கள், வழியில் போகிறவரை நிறுத்துங்கள். யங் லார்ட்ஸ் செய்ததுபோல முதலில் போய்க் கேளுங்கள். யூக்லீஸ் செய்ததுபோல விடிகாலையில் போய் நில்லுங்கள், உங்கள் கையில் அழுக்குப் படட்டும். மெம்ஃபிஸிலும் மகாடிலும் நடந்ததுபோல, பாதிக்கப்பட்டவரே முன்னால் நடக்கும்போது அவர் பின்னால் நடக்கப் பழகுங்கள். நாடகத்தின் கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கட்டும்: யாருக்கு நிரந்தர வேலை, எந்தக் குழிக்கு இயந்திரம், எந்தத் தெருவுக்கு லாரி. குப்பையைக் குறைப்போம் என்று பொதுவாகச் சொன்னால் கை தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்த வருடம் ஜூன் மாதத்துக்கு முன், புது நாடகம் எழுதுவதற்காக நாங்கள் அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். இந்த முறை அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்று நினைத்தோம். காலை ஆறு மணிக்கு வேறு ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் கைமாறிவிட்டது, பழைய ஆட்களில் பாதிப் பேர் இப்போது இல்லை என்றார்.

"யாரைத் தேடுறீங்க? பேர் என்ன?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. பத்துப் பேர் அன்று அங்கே நின்றோம், ஒருவரும் கேட்டு வைத்திருக்கவில்லை. முதலில் இந்த அம்மாவின் பெயரைக் கேட்டோம். பிறகு உட்கார்ந்து பேச எப்போது நேரம் கிடைக்கும் என்று கேட்டோம். திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.